கொக்கின் காலில் ஒரு கல்

என் தூங்குமூஞ்சித் தம்பி செபாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டது. இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே உன்னோடு சண்டை போடத் தோன்றும். அப்புறம் அழுகை வரும். அதற்குள் கடைக்கு யாராவது வந்து, "அக்கா, ஸ்கூல் பேட்ஜ் ரெடியாங்க?" என்று கேட்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

முதலில் வீட்டு நடப்பு. அம்மா நன்றாக இருக்கிறாள். பிரஷர் மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் போடுகிறாள், இல்லாவிட்டால் போட்டாயிற்று என்று சாதிக்கிறாள். கிணற்று வயலில் மறுபடியும் தக்காளிதான். வேண்டாம்மா, பறிக்க ஆள் கிடைக்காது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே. நான் இப்போது அவளோடு நம் வூட்டிலேயே இருக்கிறேன். தருமபுரியில் இருக்கும் எம்பிராய்டரி கடைக்கு நல்லம்பள்ளி வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து வரும் என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, உன் பைக்கை ஒரு தடவை ஸ்டார்ட் செய்து நிறுத்துவார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது உனக்கு அப்போதே தெரியும் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்கு ஆறும். உன் பட்டாளக் கம்பெனியின் கொக்கைப் பற்றித்தான்.

நீ பட்டாளத்தில் சேர்ந்து முதல் லீவில் வந்தபோது தொப்பியில் அந்தச் சின்னத்தைக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? நீல வட்டம், சிவப்பு ஓரம், நடுவில் ஒற்றைக் காலில் ஒரு வெள்ளைக் கொக்கு, அதன் கீழே மூன்று வளைவு வைத்த பாலம். "பாலம் போடறதுதான்க்கா எங்க வேலை. நீலம்னா ஆறு. செவப்பு எதுக்குன்னு உனக்கே தெரியும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னாய். "அது சரிடா, கொக்கு எதுக்கு? மீன் புடிக்கவா?" என்றேன். நீ சிரித்தாய். "அத அப்புறம் சொல்றேன்" என்றாய். அந்த அப்புறம் வரவே இல்லை. அன்றிலிருந்து உன் கம்பெனிக்கு நம் வீட்டில் கொக்குப் பட்டாளம் என்றே பெயர். அம்மாகூட அப்படித்தான் சொல்வாள்.

அப்புறம் ஒரு நாள் போன் செய்தாய். கம்பெனி தொடங்கிய நாளைக் கொண்டாடப் போகிறார்கள், அன்றைக்கு இருபது பேர் போட்டுக்கொண்டு அணிவகுக்கிற ட்ராக் சூட்டில் தைக்க பேட்ஜ் வேண்டும் என்றாய். "எங்க அக்கா போட்டுக் குடுப்பான்னு ஆபீசர் சாப்கிட்ட சொல்லிட்டேன். மானத்த வாங்கிடாத" என்றாய். "இருபதுதானேடா, ஒரு நாள் வேலை" என்றேன். "இருபதில்லக்கா, நாப்பது. ரெண்டு கைக்கும் வேணும். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது" என்றாய். எனக்குப் புரியவில்லை. நீ பொறுமையாகச் சொன்னாய்: கொக்கு எப்போதும் ஆள் போகிற திசையைத்தான் பார்க்க வேண்டும். இடது கையில் தைப்பதை அப்படியே வலது கையிலும் தைத்தால் அங்கே கொக்கு முதுகுப் பக்கம் திரும்பிவிடும். "பின்னால பாத்தா பயந்து ஓடற மாதிரி ஆயிடும்க்கா. அதுக்கு எங்க சாப் என்னைத் தொலைச்சிடுவார்."

எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு துணித் துண்டில் இருக்கிற பறவை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவலைப்பட ஒரு பட்டாளம் இருக்கிறதே என்று உன் மாமாவிடம் சொல்லிச் சிரித்தேன். இருபதை இந்தப் பக்கம், இருபதை அந்தப் பக்கம் என்று போட்டேன். இடது, வலது என்று தனித்தனி கவரில் எழுதிவைத்தேன். அதில் ஒரு பிசகும் இல்லை.

பிசகினது வேறு இடத்தில். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியது யாரோ பல வருஷம் போட்டு நைந்த பழைய பேட்ஜின் படம். நூல் பிரிந்து, அங்கங்கே கறை. எங்கள் தொழிலில் முதல் வேலையே படத்தைச் சுத்தம் செய்வதுதான். பிசிறு, புள்ளி, அழுக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டுத்தான் மிஷினுக்கு ஏற்ற டிசைனாக்குவோம். இல்லையென்றால் மிஷின் அழுக்கையும் சேர்த்துத் தைத்துவிடும். பள்ளிக்கூட பேட்ஜ் ஆயிரக்கணக்கில் போட்ட கை இது, யோசிக்காமலே அழிக்கும். கொக்கு மடக்கி வைத்திருந்த காலின் விரல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு இருந்தது. நூல் முடிச்சு என்று நினைத்து அதை அழித்தேன் செபா.

பார்சல் கிடைத்த அன்று நீ பேசினாய். "எப்படிடா இருக்கு?" என்று மூன்று தடவை கேட்டேன். "கொக்கு உயிரோட நிக்குதுக்கா. ஒரு கொறையும் இல்ல" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என் போனில் இருந்த பேட்ஜ் படத்தைக் காட்டினேன், பட்டாளத்துக்குப் பேட்ஜ் போட்டவள் என்று. நம் அக்காக்காரிக்குக் கொஞ்சம் கொழுப்புதான் என்று நீ நினைத்திருப்பாய்.

அதற்குப் பிறகு மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆடி மழையில், நான் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு மலைப் பாதையில், பாலத்துக்கான இரும்புகளை ஏற்றி நீ ஓட்டிப் போன லாரி பள்ளத்தில் விழுந்தது.

பெட்டியில் வந்தாய். நம் கோயில் முற்றத்தில் வைத்தார்கள். உன் கம்பெனியிலிருந்து ஒரு சுபேதாரும் ஆறு பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் பெட்டியின் தலைமாட்டில் நிறுத்திய துணிப் பதாகையில் அந்தச் சின்னம் ஆள் உயரத்துக்கு இருந்தது. அழுது அழுது கண் வீங்கியிருந்த நேரத்திலும் தொழில் புத்தி விடவில்லை, தையலைத்தான் பார்த்தேன். மடக்கிய காலில் சாம்பல் நிறத்தில் ஒன்று, கோழி முட்டை அளவில், விரல்களால் இறுக்கிப் பிடித்தபடி. அது முடிச்சு இல்லை, அழுக்கும் இல்லை. எல்லாம் முடிந்து மண் போட்ட பிறகு அந்த சுபேதாரிடம் போய், கொக்கு காலில் வைத்திருப்பது என்ன என்று கேட்டேன்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நிதானமாகச் சொன்னார். "அது கல்லும்மா. காவல் நிக்கிற கொக்கு ஒரு கால்ல கல்லைத் தூக்கி வெச்சுக்குமாம். கண் அசந்தா கல்லு நழுவிக் கீழ விழும், அந்தச் சத்தத்துல முழிச்சுக்கும். மத்த பறவையெல்லாம் அதை நம்பித் தூங்கும். நெசமாவே கொக்கு அப்படிச் செய்யுமான்னு தெரியாது, சின்னத்துக்கு அதான் அர்த்தம். எங்க கம்பெனியில புதுசா வர்ற பசங்களுக்கு முதல்ல இதைத்தான் சொல்லித் தருவோம்."

நான் ஏதோ தலையாட்டினேன். பக்கத்துக் கல்லறைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் யாரோ மெதுவாகப் பேசுவது காதில் விழுந்தது. "டிரைவர் தூங்கிட்டானாம்பா. அந்த மலையில வேற எப்படி விழும்?"

அது யார் குரல் என்று இன்று வரை தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஊரில் யாரும் அதை நம்பாமல் இருக்கவும் முடியாது. நீ எங்கேதான் தூங்கவில்லை? சாமியார் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்தால் நீ கண்ணை மூடுவாய். பாலக்கோட்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி இரண்டு ஸ்டாப் தாண்டிப் போனவன். ஊரே உன்னைத் தூங்குமூஞ்சி என்றுதானே கூப்பிட்டது.

அம்மாவின் காதுக்கும் அந்தப் பேச்சு போனது. நான் பயந்தேன். ஆனால் அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். எட்டாம் நாள் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவள், "நல்லதுதான் மேரி. தூக்கத்துலயே போயிருக்கான். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, வலிச்சிருக்காது" என்றாள். அன்று மாலை ஜெபத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. "என் பிள்ளையத் தூக்கத்துலயே கூப்புட்டுக்கிட்ட ஆண்டவரே, உமக்கு நன்றி." அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் அவள் அதைச் சொல்வாள், நான் ஆமென் சொல்வேன்.

அந்த ஆமென் எப்படி என் தொண்டையில் நின்றது என்று உனக்குத் தெரியுமா? நீ தூங்கினாய் என்றால், உன் கொக்கின் காலிலிருந்து கல்லை எடுத்தவள் நான். முட்டாள்தனம் என்கிறாயா? எனக்கும் தெரியும். ஒரு துணித் துண்டுக்கும் மலைப் பாதைக்கும் என்ன சம்பந்தம்? பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். ஃபாதர், "இது பாவமே இல்லம்மா, பரிகாரம் ஒண்ணும் வேணாம்" என்றார். பரிகாரம் ஏதாவது கொடுத்திருந்தால் செய்து தொலைத்திருப்பேன். ஒன்றும் இல்லை என்றதும் அது என்னிடமே தங்கிவிட்டது.

உன் கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. அம்மா அதைப் பூட்டியபடியே சுவரோரம் வைத்து, சாவியை மாதா படத்து ஆணியில் மாட்டிவிட்டாள். திறக்கக் கூடாது என்றாள். நானும் திறக்கவில்லை. திறந்தால் உள்ளே நான் போட்ட பேட்ஜ் இருக்கும், வெறுங்காலோடு அந்தக் கொக்கு நிற்கும். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம், அம்மா ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், வாசலில் ஒருவன் வந்து நின்றான். ஒல்லியாக, கைத்தடி ஊன்றிக்கொண்டு. காட்பாடியில் ரயில் ஏறி மொரப்பூரில் இறங்கி, பஸ் மாறி மாறி வந்திருக்கிறான். "செபா வூடுதானுங்களே? நான் குமரேசன்க்கா. அவன்கூட லாரியில இருந்தவன்" என்றான்.

உன்னோடு இன்னொருவன் இருந்தான், பிழைத்துவிட்டான் என்று மட்டும் அப்போது சொல்லியிருந்தார்கள். இடுப்பும் காலும் நொறுங்கி ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். எழுந்து நடக்க முடிந்ததும் முதலில் நம் வூட்டுக்குத்தான் வர வேண்டும் என்று வந்திருக்கிறான். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, உண்மையச் சொல்லு. அவன் தூங்கிட்டானா?" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "யாருக்கா சொன்னது?" என்றான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். மழையில் பாதையின் ஓரம் உள்வாங்கிவிட்டது. லாரியின் பின்பக்கம் சரிய ஆரம்பித்தது. நீ பிரேக்கை மிதித்தாய், வண்டி கொஞ்ச நேரம் நின்றது. "பேசிட்டு இருக்கோமே, இவ்வளவு நேரம்கூட இல்லக்கா. காலை எடுத்தா வண்டி போயிடும்னு அவனுக்குத் தெரிஞ்சுது. 'நீ எறங்குடா'ன்னான். என் பக்கத்துக் கதவு நெளிஞ்சு திறக்கல. கால எடுக்காமலே சாஞ்சு, கையால கதவத் தள்ளி, என் தோளப் புடிச்சு வெளிய தள்ளுனான். நான் பாறையில போய் விழுந்தேன். திரும்பிப் பாக்கறப்ப பின்னாடி செவப்பு லைட்டு எரிஞ்சுட்டே இருந்துச்சுக்கா. வண்டி கீழ போற வரைக்கும் அது அணையல. அவன் கடைசி வரைக்கும் கால எடுக்கல."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி, செபா. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. நீ தூங்கவில்லை, என் கை உன்னைக் கொல்லவில்லை. அடுத்த மூச்சில் இன்னொன்று வந்தது. அப்படியென்றால் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. விழித்துக்கொண்டே போயிருக்கிறாய்.

அவனிடம் நான் பேட்ஜ் கதையைச் சொன்னேன். கல்லை அழித்தது, ஒரு வருஷமாக என்னைத் தின்றது எல்லாவற்றையும். அவன் கேட்டுக்கொண்டே இருந்தவன் சிரிக்க ஆரம்பித்தான், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பெட்டியத் தெறந்து பாக்கலயாக்கா நீங்க?" என்றான்.

மாதா படத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். மேலேயே உன் ட்ராக் சூட் மடித்து இருந்தது. இடது கை, வலது கை, இரண்டு கொக்குகளும் முன்னால் பார்த்துக்கொண்டு. இரண்டின் காலிலும் கல் இருந்தது. சாம்பல் நிறக் கம்பளி நூலில், தாறுமாறாகச் சுற்றி இழுத்துப் போட்ட முடிச்சு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இவ்வளவு கேவலமான தையலை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

"பார்சலப் பிரிச்சதும் பசங்க சிரிச்சுட்டாங்கக்கா. உங்க அக்கா கொக்கத் தூங்க வெச்சுட்டாங்கடான்னு. திருப்பி அனுப்பலாம்னு சொன்னோம். அவன் கேக்கல. 'அக்கா எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருக்கும். இது தெரிஞ்சா நொந்துபோயிடும்'னான். பழைய சாக்ஸு ஒண்ணப் பிரிச்சு, நாலு சாயங்காலம் உக்காந்து நாப்பது கல்லும் அவனே போட்டான். நான் ஊசியில நூல் கோத்துக் குடுத்தேன். கையெல்லாம் குத்திக்கிட்டான்." பிறகு அவனே சொன்னான்: "கல்லோட அர்த்தத்தை உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேடான்னு கேட்டேன். தூங்குமூஞ்சிக்குத் தூங்காத கொக்கான்னு அக்கா ஆயுசுக்கும் ஓட்டும்னு சொன்னான்."

ஓட்டியிருப்பேன்டா. கட்டாயம் ஓட்டியிருப்பேன். பெட்டியின் அடியில் பாதி பிரித்த அந்தச் சாக்ஸும் இருந்தது. பட்டன் அறுந்தால் சட்டையை என் மேல் எறிந்துவிட்டுப் போகிறவன் நீ. ஊசியின் எந்தப் பக்கம் ஓட்டை என்று தெரியாதவன். நாற்பது கல்லைத் தைத்துவிட்டு, போனில் ஒரு குறையும் இல்லை என்று எப்படி உன்னால் சொல்ல முடிந்தது?

அம்மா வருகிற நேரமாகிவிட்டது. நான் குமரேசனிடம், "அம்மா தூக்கத்துல போனான்னு நெனச்சுத்தான் நிம்மதியா இருக்காங்க. நீ ஒண்ணும் சொல்லிடாத" என்று கேட்டுக்கொண்டேன். அவன் சரி என்றான். அம்மா வந்தாள். யார் என்று தெரிந்ததும் அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். உட்காரவைத்து, களியும் கீரைக்குழம்பும் போட்டாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். எதிரில் உட்கார்ந்து அவள் கேட்டாள். "சாமி, நீ கூட இருந்தவன். என் பிள்ளை தூக்கத்துலதானே போனான்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "ஆமாங்கம்மா" என்றான். அதற்கு மேல் அவனால் சாப்பிட முடியவில்லை.

பஸ் ஏற்றிவிடப் போனபோது அவன் என்னிடம் கோபமாகத்தான் இருந்தான். "தூங்கிட்டான்னு என் வாயால சொல்ல வெச்சுட்டீங்களேக்கா. என்னைத் தள்ளிவிட்டவன் அவன்" என்றான். அவன் கேட்டது நியாயம். அம்மாவின் நிம்மதியும் நியாயம். உண்மையைச் சொன்னால் தினமும் அவள் அந்த லாரிக்குள் உன்னோடு உட்கார்ந்திருப்பாள். சொல்லாவிட்டால் தூங்கி விழுந்த டிரைவர் என்ற பெயரோடு நீ அந்த மண்ணுக்குள் கிடப்பாய். நீயே சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்?

கல்லறைத் திருநாளுக்குள் உன் கல்லறைக்குக் கறுப்புக் கல் வைப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள். சிலுவைக்குக் கீழே உன் கம்பெனியின் சின்னம் வேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன். இந்த முறை படத்தைப் பதாகையின் புகைப்படத்திலிருந்து எடுத்தேன். பாலக்கோடு ரோட்டில் கல் செதுக்குகிறவர் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கால்ல ஏதோ அழுக்கு ஒட்டியிருக்குதும்மா, எடுத்துடறேங்க" என்றார். நான் போட்ட சத்தத்தில் வெளியே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மிஷினை நிறுத்திவிட்டார்கள். பாவம், அவர் மேல் என்ன தப்பு? அவர் கையும் என் கை மாதிரிதான். டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அது கல் என்று சொல்லிவந்தேன்.

போன ஞாயிறுதான் கல்லறைத் திருநாள். காலையிலேயே போய்ப் புல் செதுக்கி, கல்லைக் கழுவி, நம் தோட்டத்துச் சாமந்தியும் கோழிக்கொண்டையும் வைத்தோம். வெயில் தாழ எல்லோரும் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். அம்மா உன் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடி போடாமல் கல்லை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். உன் பெயரைத் தடவினாள், பாலத்தைத் தடவினாள், கொக்கின் கழுத்து, இறக்கை, கால் என்று வந்தாள். மடக்கிய காலில் விரல் நின்றது.

"இதென்ன மேரி, கால்ல உருண்டையா இருக்குது?"

என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை செபா. அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? "கல்லும்மா. தூங்கிடக் கூடாதுன்னு அந்தக் கொக்கு கால்ல கல்லைத் தூக்கி வெச்சிருக்கும்" என்றேன். அவள் விரலை எடுக்கவில்லை. ஃபாதர் மூன்று கல்லறை தள்ளி வந்துவிட்டார்.

"அப்ப என் பிள்ளை தூங்கலியா?"

"இல்லம்மா."

சொன்னேன். பாதை சரிந்தது, பிரேக், குமரேசனைத் தள்ளிவிட்டது, அணையாத சிவப்பு லைட்டு எல்லாவற்றையும். அவனைப் பொய் சொல்ல வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அலறுவாள் என்று நினைத்தேன். அவள் கொக்கின் காலையே தடவிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு பெரிய வண்டிய ஒத்தக் கால்ல நிறுத்திப் புடிச்சானா?" என்றாள். பிறகு, "கால் வலிச்சிருக்குமே மேரி" என்றாள்.

அதற்குத்தான் நான் உடைந்தேன். உன்னைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அம்மா என் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கல்லின் மேல் வழிந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து விளக்கு வைத்து ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அந்த வரி வருகிற இடம் வந்ததும் அம்மா நிறுத்தினாள். பிறகு சொன்னாள். "என் பிள்ளை கல்லை எறக்கி வெச்சுட்டு, கால நீட்டி உக்காரட்டும் ஆண்டவரே." நான் ஆமென் சொன்னேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அது முழுசாக வெளியே வந்தது.

குமரேசனுக்கு மறுநாளே போன் செய்து அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது, அம்மா தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டாள். கிறிஸ்துமஸுக்கு அவன் வருகிறானாம். உன் கம்பெனிக்கு இந்த வருஷமும் நாற்பது பேட்ஜ் வேண்டும் என்று சுபேதாரிடமிருந்து அவன் மூலமாகவே தகவல் வந்திருக்கிறது.

கொக்கை மிஷின் போடட்டும், பாலத்தை மிஷின் போடட்டும். கல்லை மட்டும் நான் கையால் போடுவேன், நாற்பதையும். உன் சாக்ஸில் பாதிக் கம்பளி இன்னும் இருக்கிறது, அதில்தான் போடுவேன். என் கைக்கு அழகாகத்தான் வரும், ஆனாலும் கொஞ்சம் கோணலாகவே போடுகிறேன், உன் பசங்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டாம். ஊரில் எவனாவது இனி நீ தூங்கினாய் என்று சொன்னால் நேரே அவன் வாசலுக்குப் போவேன், அது சத்தியம். நீ இனிமேல் காலை நீட்டிக்கொள். தூக்கம் வந்தால் தூங்கு. யாரும் எழுப்ப மாட்டோம்.

உன் கொக்கின் கல்லைத் தொலைத்தவள்,
உன் ஒரே அக்கா மேரி